விட்டுப் படித்த வரி

இதை எழுத வேண்டும் என்று முதன்முதலில் நினைத்தபோது என் கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. இப்போது அவள் பெண்ணே காலேஜுக்குப் போகிறாள். நடுவில் எத்தனையோ தடவை நோட்டை எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, அதோடு மூடி வைத்திருக்கிறேன். அந்த நோட்டில் ஏழெட்டுப் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. நான் எட்டாவது வரைதான் படித்தவள். எழுதப் போவதோ பெரிய சட்டப் படிப்புப் படித்த ஒரு மனிதரைப் பற்றி. கொஞ்சம் கூடிப் போனாலும் குறைந்து போனாலும் அவருக்கு ஆகவே ஆகாது. அது ஒரு பயம். இன்னொரு காரணமும் உண்டு. அவரைப் பற்றி எழுதினால் நான் செய்த ஒரு காரியத்தையும் எழுதியாக வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதலாமே என்று மனசு சொல்லும். அப்படி விட்டுவிட்டு எழுதினால் அது அவரைப் பற்றி எழுதினதாகவே ஆகாது. மகாலிங்க சுவாமி துணை. இந்தத் தடவை முடித்துவிடுகிறேன்.

அவர் பெயரை எழுதவில்லை. ஐயா என்றே சொல்கிறேன். நாங்களெல்லாம் அப்படித்தான் கூப்பிட்டோம்.

சென்னை ஐகோர்ட்டிலும் டில்லியில் இருக்கிற பெரிய கோர்ட்டிலும் அரசியல் சட்டம் சம்பந்தமான வழக்கு என்றால் ஐயாவைத்தான் தேடுவார்களாம். அவர் எழுந்து நின்றால் நீதிபதிகள் பேனாவின் மூடியைத் திறப்பார்கள் என்று அவருடைய குமாஸ்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்த ஐயா ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு படிப்பவர். எவ்வளவு சின்னக் கடுதாசியாக இருந்தாலும் விரல் முதல் எழுத்தில் தொடங்கிக் கடைசிப் புள்ளியில்தான் நிற்கும். அந்தக் குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொள்வார்.

"இவரு ஒரு பக்கத்தைத் தாண்டறதுக்குள்ள நான் கும்பகோணம் போயி காப்பி குடிச்சுட்டு வந்துடலாம்மா" என்பார், ஐயாவுக்குக் கேட்கும்படியாகவே.

"போயிட்டு வாங்க. ஆனா குடிச்சேன்னு சொல்றப்ப எத்தனை டம்ளர்னு சரியா சொல்லணும்" என்பார் ஐயா, விரலை எடுக்காமல்.

யாராவது ஏதாவது சொன்னால், அதை அவர் தன் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்லுவார். சொல்லிவிட்டுக் கேட்பார்: "இது உங்க வார்த்தையா, என் வார்த்தையா?" நாம் சொல்லாத ஒரு சொல் அதில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்.

சாமியிடமும் இதே வழக்கம்தான். எந்த ஊரில் எந்த வேலை இருந்தாலும் தைப்பூசத்துக்குத் திருவிடைமருதூர் வந்துவிடுவார். ஒரு வருஷம் அர்ச்சனைத் தட்டைக் கையில் கொடுத்த குருக்கள், "எடுத்த வழக்கெல்லாம் ஜெயமாகணும்னு சாமிகிட்டச் சொல்லியிருக்கேன்" என்றார். ஐயா பதறிப் போய்விட்டார்.

"ஐயையோ! எதிர்த்தரப்புக்காரரும் இங்கதான் அர்ச்சனை பண்ணுவாரு. சாமியை எதுக்குச் சங்கடத்துல மாட்டிவிடறீங்க? பேரு, நட்சத்திரம் போதும். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

குருக்கள் சிரித்துவிட்டார். ஐயா சிரிக்கவில்லை. மெய்யாகவே சொன்னார்.

நான் அவரை முதலில் பார்த்தது கோயிலில் இல்லை, ஒரு பொதுக்கூட்டத்தில். கழக ஆட்சி வந்து, நிலத்துக்கு உச்சவரம்பு, குத்தகைக்காரனுக்குப் பதிவு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் வந்துகொண்டிருந்த காலம். எங்கள் பக்கத்தில் பாதி ஊரில் செங்கொடி, பாதி ஊரில் போலீஸ் வண்டி. அறுப்புக்கு ஆள் வராத வயலும், ஆள் வந்தும் இறங்க விடாத வயலுமாகக் கிடந்தது. அந்த நேரத்தில் மண்ணின் மைந்தர் என்று ஐயாவுக்குப் பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். பொன்னாடை போர்த்திய பேச்சாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தோல்வியே அறியாத சட்டச் சிங்கம்! ஆயிரம் களம் கண்டு ஆயிரமும் வென்ற அடலேறு!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்குவதற்குள் ஐயா எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"தம்பி அன்பாப் பேசினாரு. அதுல ஒரு திருத்தம். நான் நெறைய கேசு தோத்திருக்கேன். இந்த சர்க்கார் போட்ட நிலச் சட்டம் செல்லாதுன்னு மிராசுதாருங்களுக்காக வாதாடினேன். தோத்தேன். இந்தா, மேடையில உக்காந்திருக்காங்களே, இவங்க கட்சிதான் ஜெயிச்சுது. ஜெயிச்சவங்களே மறந்துட்டா எப்படி?"

கூட்டம் சிரித்து ஆரவாரம் செய்தது. பேச்சாளருக்கு முகம் கறுத்துவிட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இவர் மிராசுதார் வக்கீல் என்பது ஒன்றுதான் என் மனசில் தைத்தது. ஏனென்றால் அப்போது எங்கள் வீட்டிலேயே அந்த நெருப்புப் புகைந்துகொண்டிருந்தது.

எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. பண்ணையாரிடம் ஒன்பது மா, ஏறக்குறைய மூன்று ஏக்கர், குத்தகைக்கு வைத்திருந்தோம். என் மாமனார் காலத்திலிருந்து வாய்ப்பேச்சுதான், பத்திரம் கிடையாது. குத்தகைக்காரர் பெயரைத் தாலுக்கா ஆபீசில் பதிய வேண்டும், பதிந்துவிட்டால் சட்டப்படியில்லாமல் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்ததும் பண்ணையார் முந்திக்கொண்டார். என் வீட்டுக்காரரைக் காளியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். சன்னதியில் வெற்றிலை மேல் சூடம் எரிந்தது. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து ஒன்றைச் சொன்னால், எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. பண்ணையார் சொல்லச் சொல்ல இவர் சொல்லிவிட்டு வந்தார். உள்ளங்கையில் கொப்புளம். நான் மஞ்சளைக் குழைத்துப் போட்டேன். மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அந்த ஐப்பசியில், சம்பா நடவன்று, குத்தகைப் பதிவு அதிகாரி வரப்பிலேயே வந்து நின்று, "இந்த வயல் யாரு சாகுபடி?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கையில் நாற்று முடியோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வாய் திறக்கவில்லை. நான் சேற்றில் நின்றபடியே, "நாங்கதாங்க. எங்க மாமனாரு காலத்துலேருந்து நாங்கதான்" என்று சொன்னேன். சத்தியம் செய்தவர் இவர்தானே, நான் இல்லையே. நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களெல்லாம் "ஆமாங்க, ஆமாங்க" என்றார்கள். பெயர் ஏறிவிட்டது.

பண்ணையார் விடவில்லை. எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருகிற மடையை அடைத்தார்கள். மேல் அதிகாரியிடம் போனார்கள், அங்கே தோற்று அடுத்த வருஷம் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். நோட்டீசு வந்தது. தோற்றால் நிலம் போகும். நிலத்தோடு, அதை ஒட்டிப் பண்ணையார் கொல்லையில் நாங்கள் போட்டிருந்த வீடும் போகும். மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போவது?

கும்பகோணத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். நல்லவர்தான், பயந்த சுபாவம். பண்ணையார் மனுவில் சத்தியம் செய்ததைப் பற்றி எழுதியிருக்கிறது என்று பார்த்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. "இதை ஒத்துக்கிட்டா கேசு போச்சும்மா" என்று சொல்லி, எங்கள் பதில் மனுவில் ஒரு வரி சேர்த்தார். 'நான் எந்தக் கோயிலிலும் எந்தச் சத்தியமும் செய்யவில்லை.' அதைத் தமிழில் எழுதி என் கையில் கொடுத்து, "வீட்டுல படிச்சுக் காட்டி, கைநாட்டு வாங்கிட்டு வாங்க. சென்னையில பெரிய வக்கீல் பார்த்து இங்கிலீஷுல மாத்திக்குவாரு" என்றார். பெரிய வக்கீல் என்று அவர் சொன்னது ஐயாவை. இந்த வக்கீல் ஐயாவிடம் ஜூனியராக இருந்தவராம்.

என் வீட்டுக்காரருக்கு எழுத்து தெரியாது. விளக்கு வைத்தபின் அவரை எதிரே உட்கார வைத்து நான் படித்தேன். அந்த வரி வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இதைப் படித்தால் கைநாட்டு வைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அவர் கைநாட்டு வைத்தார். மை காய்வதற்கு நான்தான் ஊதினேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு அம்மன் கோயில் பக்கம் போகக் கால் வரவில்லை.

தைப்பூசத்துக்கு ஐயா வந்திருக்கிறார் என்று தெரிந்து, கும்பகோணத்து வக்கீல் சொல்லி, திருவிடைமருதூர் போனோம். நானும் என் வீட்டுக்காரரும், கூட என் தம்பியும். தம்பி செங்கொடிச் சங்கத்தில் இருந்தவன். பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, அவரு அவங்க ஆளு. நம்ம பேப்பரை வாங்கி அவங்ககிட்டயே குடுத்துடுவாரு. ஆனா ஒண்ணு, எங்க சங்கத்து ஆளுங்களை விசாரணை இல்லாம உள்ள வெச்சப்ப அவருதான் வந்து வாதாடி வெளிய எடுத்தாரு. என்ன மனுசன்னே புரியல."

தெற்கு வீதியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு முன்கூடத்தில் ஐயா பாயில் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூல் கட்டியிருந்தது. தம்பியால் பொறுக்க முடியவில்லை. கும்பிட்ட கையோடு கேட்டுவிட்டான்.

"நிலச் சட்டமே கூடாதுன்னு சொன்னவங்க நீங்க. எங்களுக்கு எப்படீங்க ஐயா வாதாடுவீங்க?"

நான் அவன் தொடையில் கிள்ளினேன். ஐயாவுக்குக் கோபம் வரவில்லை.

"நல்ல கேள்வி. கூடாதுன்னுதான் சொன்னேன் தம்பி. கோர்ட்டு, இருக்கட்டும்னு சொல்லிடுச்சு. அன்னைக்கோட என் அபிப்பிராயம் என் வீட்டுக்குள்ள. வெளியில இருக்கிறது சட்டம். சட்டம்னு ஒண்ணு இருந்தா அது உங்க அத்தானுக்கும் இருக்கு. இந்தப் பண்ணையார் என்கிட்ட வந்ததில்ல. அதனால தடையில்ல. போதுமா, இன்னும் இருக்கா?"

"போதுங்க" என்றான் தம்பி. அவன் அவ்வளவு சின்னதாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஐயா எங்கள் தாளை மடியில் விரித்து, முதல் வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க ஐயா."

"அதனால என்ன? காதால கேட்டிருப்பீங்கல்ல? கேட்டபடி சொல்லுங்க."

எழுத்து தெரியாதவர்களுக்கு ஞாபகம் அதிகம். இவர் கண்ணை மூடிக்கொண்டு, நான் படித்ததை அப்படியே ஒப்பித்தார். அப்பா காலத்துக் குத்தகை, வயலின் நாலு எல்லை, நடவன்று அதிகாரி வந்தது. சொல்லச் சொல்ல ஐயாவின் விரல் நகர்ந்தது. எனக்குத் தெரியும், அது எங்கே போய் நிற்கும் என்று. இன்னும் மூன்று வரி. இன்னும் இரண்டு. என் வீட்டுக்காரர் அடுத்ததைச் சொல்லிக்கொண்டே போனார். விரல் போகவில்லை. அங்கேயே நின்றது.

"கொஞ்சம் இருங்க. நடுவுல ஒண்ணு இருக்கு" என்று சொல்லி ஐயா அந்த வரியைப் படித்தார். "இது உங்க வார்த்தையா?"

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். "இல்லீங்க. நான் சத்தியம் பண்ணியிருக்கேன். இந்தக் கையாலதான் சூடத்தை அணைச்சேன்." கையை நீட்டினார். தழும்பு தெரிந்தது.

"படிச்சுக் காட்டினது யாரு?"

அவர் நீட்டின கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

"நாந்தாங்க" என்றேன்.

ஐயா என்னைப் பார்த்தார். அதட்டவில்லை. "இந்த வரி கண்ணுக்குத் தப்பிப் போச்சாம்மா?"

தப்பிப் போச்சு என்று சொல்லியிருக்கலாம். எனக்காக அவர் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார். நுழைந்து போயிருந்தால் ஒருத்தரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். தெருவில் நாதஸ்வரம் கேட்டது, சாமி புறப்பாடு. அந்தச் சத்தத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

"இல்லீங்க. தெரிஞ்சேதான் விட்டேன்."

ஐயா தலையை ஆட்டினார். "சரி. இது உங்க வார்த்தை" என்றார்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "அந்த வரி இல்லாட்டி நெலம் போயிடும்னு வக்கீலு சொன்னாருங்க. வீடும் போயிடும். மூணு புள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்ணுவேன்?" என்று அழுதுவிட்டேன்.

"போனாலும் போகலாம்மா. போகாதுன்னு நான் சொன்னா அதுவும் பொய்யாயிடும். நான் கேசு தோக்கறவன். உங்களுக்குத் தெரியாது."

"தெரியுங்க. அன்னைக்குக் கூட்டத்துல நானும் நின்னேன்."

ஐயா சிரித்துவிட்டார். குமாஸ்தாவும் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, ஆனால் கையை மடக்கிக்கொண்டார்.

பிறகு ஐயா சத்தியத்தின் வார்த்தைகளைக் கேட்டார். மூன்று தடவை சொல்லச் சொன்னார். மூன்று தடவையும் ஒன்றுபோல வந்தது: "என் உசிரு இருக்கிற வரைக்கும், நான் குத்தகைக்காரன்னு எழுதுங்கன்னு தாலுக்கா ஆபீசுல போயிக் கேக்க மாட்டேன்."

"இது யாரு வார்த்தை?"

"பண்ணையாரு சொல்லச் சொல்ல நான் சொன்னதுங்க."

ஐயா குமாஸ்தாவிடம் திரும்பி, "அந்தப் பொய்யை எடுத்துடுங்க. சத்தியம் பண்ணினதை எழுதுங்க. இந்த வார்த்தைக்கு மேல ஒரு எழுத்து கூடக் கூடாது" என்றார். அப்புறம் பண்ணையார் போட்ட மனுவை எடுத்து, அதற்கும் விரலை வைத்தார். "இதையும் ஒரு வரி விடாமப் படிப்போம்" என்றார்.

என் வீட்டுக்காரர் கிளம்பும்போதுதான் தன் மனசில் இருந்ததைக் கேட்டார். "ஐயா, பேரு ஏறிடுச்சு. நான் கேக்கல. ஆனாலும் சத்தியத்தை மீறினவன் ஆயிட்டேனாங்க?"

ஐயா மனுவிலிருந்து விரலை எடுத்தார். "எனக்குக் கோர்ட்டுல நின்னு பேசத்தான் சன்னது குடுத்திருக்காங்க. அம்மன்கிட்ட உங்களுக்காக ஆஜராக எனக்கு சன்னது இல்ல. அதை நீங்களே பேசிக்கணும்."

அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போனோம். திருவிடைமருதூரில் ஒரு வழக்கம். கிழக்கு வாசலால் உள்ளே போனவர்கள் அதே வாசலால் திரும்ப மாட்டார்கள். பிடித்து வந்த தோஷம் அங்கேயே காத்துக்கொண்டிருக்குமாம். அம்மன் சன்னதி வழியாக வெளியே வந்துவிட்டால் நம்மை விட்டுவிடுமாம். எத்தனையோ தடவை அப்படிப் போய் வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் வெளியே கால் வைத்தபோது தோளிலிருந்து ஒன்று இறங்கினது போல இருந்தது. நிலம் இருக்கிறதா போகிறதா என்று தெரியாது. ஆனாலும் ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சு முட்ட மூச்சு விட்டேன்.

பஸ்ஸில் பூசக் கூட்டம். நின்றுகொண்டே வந்தோம். இறங்குகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"இந்தா புள்ள. இனிமே படிச்சா முழுசாப் படி."

"சரிங்க."

"கல்யாணப் பத்திரிகையா இருந்தாலும்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. அன்றிலிருந்து அவருக்கு எந்தப் பத்திரிகை படித்தாலும், அடியில் பொடி எழுத்தில் இருக்கிற அச்சகத்தின் பெயர் வரை படித்துவிட்டுத்தான் வைப்பேன்.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்றைக்கு நாங்கள் சென்னைக்குப் போனோம். கோர்ட்டில் எல்லாம் இங்கிலீஷ். குமாஸ்தா என் காதோரம் சொல்லிக்கொண்டு வந்தார். ஐயா கையை வீசி முழங்குவார் என்று நினைத்திருந்தேன். அவர் பண்ணையாருடைய மனுவைக் கையில் எடுத்து, அதிலிருந்து ஒரு பத்தியைப் படித்தார். அதில், என் வீட்டுக்காரர் குத்தகைக்காரரே இல்லை, தினக்கூலிக்கு வந்த ஆள் என்று இருந்தது. இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு பத்தியைப் படித்தார். குத்தகைக்காரன் என்று எழுதச் சொல்லிக் கேட்க மாட்டேன் என்று இவர் சாமி முன்னால் சத்தியம் செய்தவர் என்று அதில் இருந்தது. அப்புறம் எங்கள் மனுவில் இருந்த சத்தியத்தின் வார்த்தைகளைப் படித்தார். உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சுதாங்க?" என்று பயந்து கேட்டேன்.

"முடிஞ்சுதும்மா" என்றார் குமாஸ்தா. "கூலிக்கு வந்த ஆளுகிட்ட எதுக்கய்யா குத்தகைக்காரன்னு சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கினீங்கன்னு ஜட்ஜு அவங்களைக் கேக்கறாரு. அவங்க வக்கீலு தண்ணி குடிக்கிறாரு."

நாங்கள் மறைக்கப் பார்த்த சத்தியம்தான் எங்களுக்குச் சாட்சியாக வந்து நின்றது. சத்தியமே இல்லை என்று நாங்கள் எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. பெயர் அப்படியே இருக்கட்டும் என்று தீர்ப்பானது. அடைத்த மடையைத் திறந்தார்கள். என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்ததும் காளியம்மன் கோயிலுக்குத் தனியாகப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, சோறு போடச் சொன்னார். அம்மனிடம் என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அது எனக்குப் போதும்.

அப்புறம் வருஷா வருஷம் பூசத்துக்கு ஐயாவைப் பார்க்கப் போவோம். கடைசியாகப் பார்த்தபோது அவருக்குக் கண் பார்வை நன்றாக மங்கிவிட்டது. விரல் வைத்தாலும் எழுத்து தெரியவில்லை. பக்கத்தில் பேப்பர் கிடந்தது. அவரைப் பற்றி அதில் ஏதோ பெரிதாகப் போட்டிருந்தார்கள். "படிங்கம்மா, நீங்க நல்லாப் படிப்பீங்க" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது.

படித்தேன். எல்லாம் புகழ்ச்சி. நடுவில் ஒரு வரி வந்தது. 'ஏழைகளுக்கு நிலம் கொடுக்கிற சட்டங்களை எதிர்த்து வாதாடியவர் என்ற குறையும் இவர் மேல் உண்டு.' எண்பது வயசு மனிதர், கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார், பண்டிகை நாள். இதை இப்போது படிக்கத்தான் வேண்டுமா? என்னால் ஆனமட்டும் தெளிவாகப் படித்தேன்.

"விட்டுடுவீங்களோன்னு பார்த்தேன்" என்றார் ஐயா.

"விடலீங்க."

"குறைன்னு எழுதியிருக்கான். சரியாத்தான் இருக்கும். நானும் யோசிக்கிறேன்" என்றார். வருத்தமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

அன்றைக்கு நான் அவரிடம் ஒன்று கேட்டேன். இத்தனை வருஷமாகக் கேட்க வெட்கப்பட்டது. "அரசியல் சட்டம், அரசியல் சட்டம்னு சொல்றாங்களே, அது என்னதாங்க ஐயா?"

"நீங்களும் நானும் எல்லாருமாச் சேந்து குடுத்த வாக்கு. எழுதி வெச்சிருக்கோம். மந்திரியும் படிப்பாரு, மிராசுதாரும் படிப்பாரு. அவங்கவங்களுக்கு ஆகாத வரியை விட்டுட்டுப் படிப்பாங்க. எழுந்து நின்னு அந்த விட்ட வரியைப் படிச்சுக் காட்டறதுதான் என் தொழில். அம்பது வருஷமா அதைத்தான் பண்ணினேன். பெரிய வித்தை ஒண்ணுமில்ல."

அடுத்த பூசத்துக்கு அவர் இல்லை.

இப்போது எங்கள் பக்கத்தில் அந்த வழக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். ஐயா கோர்ட்டிலேயே சூடம் கொளுத்தினார் என்கிறார்கள். காளியம்மனே ஜட்ஜின் கனவில் வந்தாள் என்கிறார்கள். பண்ணையார் கோர்ட்டு வாசலில் காலில் விழுந்தார் என்று என் பேரப் பிள்ளையே என்னிடம் வந்து சொன்னான். எந்தக் கதையிலும் நான் ஒரு வரியை விட்டுப் படித்தது மட்டும் கிடையாது. என்னைப் பதிவிரதை என்று கூடச் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அதனால்தான் எழுதினேன். கோர்ட்டில் யாரும் சூடம் கொளுத்தவில்லை. யாரும் யார் காலிலும் விழவில்லை. ஒரு மனிதர் விரல் வைத்துப் படித்தார், அவ்வளவுதான் நடந்தது. எழுதி முடித்ததில் அம்மன் சன்னதி வழியாக இன்னொரு தடவை வெளியே வந்த மாதிரி இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். வீட்டில் எழுத்து தெரியாதவர்கள் இருந்தால் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். ஐயாவை இன்னும் கொஞ்சம் உயர்த்திச் சொல்லத் தோன்றினாலும் வேண்டாம், அவருக்கு ஆகாது. என் மேல் இரக்கப்பட்டு, விளக்கு வைத்தபின் நான் செய்த காரியத்தை விட்டுவிடவும் தோன்றும். விடாதீர்கள். அந்த வரியையும் சேர்த்துப் படியுங்கள். அது என் வார்த்தை.